மூத்தவர் தந்த கல்லீரல்

ஓய்வுக்குப் பிறகு மருத்துவ வரலாறு படிப்பது எனக்கு வழக்கமாகிவிட்டது. அதில் நம் வயதுக்காரர்கள் அறிய வேண்டிய ஒன்று.

1963-ல் அமெரிக்காவின் டென்வரில் தாமஸ் ஸ்டார்சல் முதல் கல்லீரல் மாற்று அறுவை செய்தார். 1967-ல்தான் வெற்றி கிட்டியது. பிறகு அனுபவம் கூடக் கூடப் பலனும் கூடியது. ஆனால் ஸ்பெயினின் வலென்சியாவில் 1990-களில் ஒரு புதிர்: ஹெபடைடிஸ் சி நோயாளிகள் மட்டும் முன்னைவிடச் சீக்கிரம் இறந்தார்கள். 2002-ல் அங்குள்ள மருத்துவர்கள் முக்கியக் காரணத்தைச் சொன்னார்கள். தானம் தருவோரின் வயது ஏறியிருந்தது. ரத்தத்தில் தங்கிய வைரஸ் புதுக் கல்லீரலையும் தாக்கும். வயதான கல்லீரலில் தழும்பு விரைவாகப் படரும்.

2013 முதல் வந்த மாத்திரைகள் வைரஸையே ஒழித்தன. வயதால் வந்த வேறுபாடும் பெரிதும் குறைந்தது. எழுபது கடந்தவர் கல்லீரலும் இன்று உயிர் காக்கிறது.

தானம் தர வயதாகிவிட்டதென்று நாமே முடிவுகட்ட வேண்டாம். அதை மருத்துவர் சொல்லட்டும்.