'தொடர்ந்து' என்ற ஒரு சொல்

1999-ஆம் ஆண்டின் கடைசி நாளன்று ரஷிய அதிபர் போரிஸ் யெல்த்ஸின் தொலைக்காட்சியில் தோன்றி, பதவி விலகுவதாக அறிவித்தார். அவரது பதவிக்காலம் முடிய இன்னும் சில மாதங்கள் இருந்தன. பிரதமராக இருந்த விளாதிமீர் புதின் அன்றே இடைக்கால அதிபரானார். பதவி விலகும் அதிபருக்கும் அவர் குடும்பத்தினருக்கும் பாதுகாப்பு உறுதியளிக்கும் ஆணையை அன்றைய தினமே அவர் பிறப்பித்தார். மூன்று மாதங்களில் நடந்த தேர்தல், ஏற்கெனவே நிகழ்ந்துவிட்ட மாற்றத்துக்கு ஒப்புதல் அளித்தது.

1993 டிசம்பரில் ஏற்கப்பட்ட ரஷிய அரசமைப்புச் சட்டம், அதிபரின் பதவிக்காலத்தை நான்கு ஆண்டுகளாக வரையறுத்தது. ஒருவர் 'தொடர்ந்து' இரண்டு முறைக்கு மேல் அப்பதவியில் இருக்கக் கூடாது என்றது அதன் 81-ஆவது பிரிவு. யெல்த்ஸின் மூன்றாம் முறை போட்டியிட முடியாது என்பதை 1998-இல் அரசமைப்பு நீதிமன்றமும் தெளிவுபடுத்தியது. ஆனால், 'தொடர்ந்து' என்ற அந்த ஒரு சொல்லில் ஒரு வாசல் திறந்தே இருந்தது.

2008-இல் புதின் அந்த வாசல் வழியே சென்றார். திமித்ரி மெத்வதேவ் அதிபராக, புதின் பிரதமரானார். அதே ஆண்டு இறுதியில் அதிபரின் பதவிக்காலம் ஆறு ஆண்டுகளாக நீட்டிக்கப்பட்டது. 2012-இல் புதின் மீண்டும் அதிபரானார், 2018-இலும் வென்றார். இனி 2024-இல் விலகியாக வேண்டும் என்ற நிலையில், 2020-இல் திருத்தம் வந்தது.

அத்திருத்தம் 'தொடர்ந்து' என்ற சொல்லை நீக்கியது. இனி எவரும் மொத்தத்தில் இரண்டு முறைதான் அதிபராக இருக்கலாம். படிப்பதற்குக் கட்டுப்பாடு இறுகியது போலத் தோன்றும். ஆனால், முன்பு வகித்த பதவிக்காலங்கள் கணக்கில் சேராது என்ற விதிவிலக்கும் உடன் சேர்ந்தது. அதை அவையில் முன்மொழிந்தவர், விண்வெளி சென்ற முதல் பெண்மணியான வலந்தீனா தெரஷ்கோவா. வாக்கெடுப்பில் சுமார் 78 சதவீதத்தினர் திருத்தத்தை ஆதரித்ததாக அறிவிக்கப்பட்டது. 2024-இல் மீண்டும் வென்ற புதின், 2030-இலும் போட்டியிடலாம். அவ்வாறு வென்றால், 2036-இல் பதவிக்காலம் முடியும்போது அவருக்கு வயது 83.

கவனிக்க வேண்டியது, இதில் எங்கும் சட்டம் மீறப்படவில்லை என்பதே. வரம்பு வந்து நின்றபோதெல்லாம் வரம்பே நகர்த்தப்பட்டது. பதவியை விட்டு விலகுவதற்கான விலை மிக உயர்ந்திருக்கும் நாட்டில் இது வியப்பன்று. முன்னாள் அதிபர்களுக்கு வாழ்நாள் சட்டப் பாதுகாப்பை விரிவுபடுத்தும் சட்டமும் 2020-லேயே நிறைவேற்றப்பட்டது.

பொருளாதார அறிஞர் மான்கர் ஓல்சன், நெடுங்காலம் ஆளப்போவதாக நம்பும் சர்வாதிகாரிக்கு நாட்டின் எதிர்கால வளத்தில் அக்கறை இருக்கும் என்றார். வாரிசு யார் என்ற கேள்வி எழும்போது அந்த அக்கறை குன்றும் என்றும் அவர் எச்சரித்தார். அடுத்த ஆட்சியில் தன் சொத்தும் ஒப்பந்தமும் செல்லுமா என்று அறியாத தொழில்முனைவோர் நீண்டகால முதலீட்டில் துணிந்து இறங்குவதில்லை. கையிருப்பைப் பாதுகாப்பதே அவர்களது கவலையாகிறது.

ரஷியாவில் துணை அதிபர் பதவி இல்லை; 1993-இல் அது கைவிடப்பட்டது. அதிபரால் பணியாற்ற இயலாமல் போனால், 92-ஆவது பிரிவின்படி பிரதமர் இடைக்காலப் பொறுப்பேற்க, மூன்று மாதங்களுக்குள் தேர்தல் நடைபெற வேண்டும். நாடாளுமன்றக் கீழவையைக் கலைக்கவோ, அரசமைப்புத் திருத்தம் முன்மொழியவோ இடைக்கால அதிபருக்கு அதிகாரமில்லை. ஏட்டில் இது தெளிவான ஏற்பாடுதான். ஆனால், ஒருவருக்காக இத்தனை முறை வளைந்த சட்டம், அவர் இல்லாத நாளில் மற்றவர்களைக் கட்டுப்படுத்தும் என்று அதிகாரப் போட்டியில் இறங்குவோர் நம்புவார்களா?

பதவிக்கால வரம்பின் பயன் ஓர் ஆட்சியாளரை வெளியேற்றுவதோடு முடிவதில்லை. அடுத்தவர் வரும் நாளை முன்கூட்டியே குறித்து, நாட்டை அதற்கு ஆயத்தப்படுத்துவதும் அதன் பணியே. அந்த நாளை அழித்துவிட்ட நாட்டில், மாற்றம் நிற்பதில்லை; எப்போது, எப்படி வரும் என்பது மட்டும் எவருக்கும் தெரியாமல் போகிறது.