தமிழிசை அரங்கும் ஓசையமைதியும்

செட்டிநாட்டுக் கானாடுகாத்தானைச் சார்ந்த இராசா சர் அண்ணாமலைச் செட்டியார் (1881–1948) தமிழிசைக்கு ஆற்றிய தொண்டு யாவரும் அறிந்ததே. 1943-இல் தோன்றிய தமிழ் இசைச் சங்கமும், 1952-இல் சென்னையில் எழுந்த இராசா அண்ணாமலை மன்றமும் அத்தொண்டின் பயன்களாம். பாட்டின் பொருள் கேட்போர்க்கு விளங்குதல் வேண்டும் என்பது அவ்வியக்கத்தின் உயிர்நாடி. இக்கோரிக்கை பாடுவோரை மட்டுமன்றிக் கட்டடத்தையும் பற்றியது என்பதை ஈண்டு விளக்க முற்படுகின்றோம்.

அரங்கிற்கு அளவு வகுத்தல் தமிழர்க்குப் புதிதன்று. 24 பெருவிரல் கொண்ட கோலால் அகலம் 7, நீளம் 8, உயரம் 1 என அரங்கினையும், அதற்கும் உத்தரப்பலகைக்கும் இடைநிலம் 4 கோல் எனவும் சிலப்பதிகார அரங்கேற்று காதை வகுக்கின்றது. இவ்வளவு ஓசை கருதியது என நூல் கூறாமையின், அவ்வாறு துணிதல் முறையன்று. எனினும், தலைக்குமேல் அணித்தாய் அமையும் மரக்கூரை குரலை அவையினர்பால் திருப்பும் என்பது ஒலிநூல் முடிபு.

ஆர்வர்டுப் பல்கலைக்கழகத்து அறிஞர் வாலசு சேபின் 1895-இல் தம் ஆராய்ச்சியைத் தொடங்கினார். ஒலி நின்று தேயும் காலம் மண்டபத்தின் கனவளவிற்கு நேர்விகிதத்திலும், ஒலியை உறிஞ்சும் ஆற்றலுக்கு எதிர்விகிதத்திலும் அமையும் என அவர் கண்டார். அவர்தம் அறிவுரைப்படி எழுந்து 1900-இல் திறக்கப்பெற்ற பாசுட்டன் சிம்பொனி மண்டபத்தில், அவை நிறைந்துழி அக்காலம் ஏறத்தாழ 1.9 வினாடி. பல கருவிகள் ஒருங்கிசைக்கும் மேனாட்டு இசைக்கு அது சிறப்பு. நம் இசைக்கு மிகை. ஓர் அசையின் எச்சவொலி அடுத்த அசைமேற் படியின் சொல் சிதையும். கமகத்தின் நுண்ணசைவும் மிருதங்கச் சொற்கட்டும் மயங்கும்.

சேபின் திறந்த சாளரத்தையே உறிஞ்சலுக்கு அலகாகக் கொண்டார். அதன்வழிச் சென்ற ஒலி மீளாதன்றோ! இவ்வளவுகோல் கொண்டு செட்டிநாட்டு இல்லங்களை நோக்குவோம். சுண்ணச்சாந்தும் முட்டை வெண்கருவும் சேர்த்து இழைத்த சுவர்களும், ஆத்தங்குடிக் கற்கள் பாவிய தரையும் ஒலியைப் பெரிதும் மீட்டுத் தருவன. பத்திகள் சூழ்ந்த வளவின் முற்றமோ வான்நோக்கித் திறந்தது. மிகையொலி அதன்வழி வெளியேறும். அம்முற்றத்தை மூடி மண்டபமாக்குவோர் அவ்வுறிஞ்சலை இழக்கின்றனர். திரையாலும் மெத்தை இருக்கையாலும் அதனை ஈடுசெய்தல் வேண்டும். ஒலிபெருக்கியைக் கூட்டுதல் அதற்கு மருந்தாகாது; அது சொல்லையும் எச்சவொலியையும் ஒருங்கே பெருக்கும்.

ஆதலின், தமிழிசைக்கு மன்றம் எடுப்போர் சொல் விளங்குதற்கேற்ற கால அளவை முதற்கண் வரையறுத்து, அதன்பின்னரே கனவளவையும் சுவர்ப்பரப்பையும் வகுத்தல் வேண்டும். தமிழிற் பாடியும் சொல் விளங்காதாயின், பாடியதன் பயன் கேட்போரைச் சேராது என்பது எம் துணிபு.