லயத்து அடுப்பு

குரங்கணியின் பழைய கதையைத் தேடிப் படித்தால் எனக்குக் கிடைப்பது தேயிலைப் பெட்டிகளின் கதைதான். டாப் ஸ்டேஷனிலிருந்து ரோப்வேயில் கொட்டகுடி அடிவாரத்துக்கு இறங்கி, மாட்டுவண்டியில் போடிநாயக்கனூர் வந்து, தூத்துக்குடியில் கப்பலேறிய தேயிலை. மேலே குண்டளைப் பள்ளத்தாக்கில் 1902இல் ஒற்றைத் தண்டவாளம் போட்டதும், 1908இல் அது சிறு ரயில்பாதையானதும், 1924 வெள்ளம் அதை அடித்துப்போனதும் வருடம் பிசகாமல் பதிவாகியிருக்கின்றன. அந்தக் கொழுந்தைக் கிள்ளிய பெண் எந்த அடுப்பில் சோறு பொங்கினாள் என்பதும் வரலாறுதானே?

அவள் வீட்டுக்கு லயம் என்று பெயர். ஒரே கூரையின்கீழ் சுவரோடு சுவராக ஒட்டிய வீடுகள். ஒரு அறை, ஒரு அடுப்படி. கீழே ஊர்வீட்டில் திண்ணை ஆணுக்கு, அடுப்படி பெண்ணுக்கு என்று பிரித்திருந்தார்கள். லயத்தில் பிரிக்கவே இடமில்லை. பிரசவமும் புதுமணமும் மாமியாரின் கடைசிக்காலமும் அந்த ஒரே அறையில்தான்.

அயர்லாந்தின் பழைய நாட்டுப்புற வீடுகளில் இரவில் தணலைச் சாம்பலால் மூடி, விடியலில் ஊதி எழுப்புவது வீட்டுப் பெண்ணின் வேலை. அதை இன்று ஏக்கத்தோடு நினைவுகூர்கிறார்கள். லயத்து அடுப்பைப் பற்றி அப்படி ஏங்க எனக்கு மனம் வரவில்லை. விறகு சுமந்து, இருட்டில் சமைத்து, பிள்ளையைக் காப்பகத்தில் விட்டுவிட்டுப் பிரட்டுக்கு ஓடியவள் அவள். வீடும், 50 பெண்களுக்கு மேல் வேலைசெய்யும் தோட்டத்தில் பிள்ளைக் காப்பகமும் தரவேண்டும் என்று 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் சொன்னது. ஆனால் வீடு வேலையோடு கட்டப்பட்டது. அந்த வீட்டிலிருந்து வேறு யாரும் வேலைக்குப் போகாவிட்டால், அவள் ஓய்வுபெறும்போது அடுப்பும் போய்விடும்.

2015 செப்டம்பரில் மூணாறு வீதியில் தமிழ்ப் பெண்கள் ஆயிரக்கணக்கில் உட்கார்ந்தார்கள். ஆண்கள் நடத்திய சங்கங்களைத் தள்ளிவைத்து, பெம்பிளை ஒருமை என்று பெயர் சொல்லி, 20 சதவீத போனஸ் கேட்டு வாங்கினார்கள். ஒற்றை அறை வாழ்க்கையையும் அப்போது ஊரறியப் பேசினார்கள். ஐந்து வருடம் கழித்து, 2020 ஆகஸ்ட் 6 இரவு, பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்கள் புதைந்தன. 70 பேர் போனார்கள்.

வீட்டு வரலாறு என்றால் சுவரையும் கூரையையும் வர்ணிப்பது போதாது. அந்த வீடு யார் பெயரில் இருந்தது, யார் உழைப்பில் நின்றது என்று கேட்க வேண்டும். மலைவீட்டைப் பொறுத்தவரை இரண்டுக்கும் ஒரே பதில் இதுவரை வந்ததில்லை.