கோல் கம்பம்

கோல் கம்பம் என்பது காற்பந்தாட்டத்தில் கோலின் அகலத்தைக் குறிக்க, கோல் கோட்டின் மீது நிறுத்தப்படும் செங்குத்துக் கம்பம் ஆகும். இரு கம்பங்களின் உச்சிகளையும் குறுக்குக் கம்பம் இணைக்கிறது.

அளவுகள்

கம்பங்களுக்கு இடைப்பட்ட தூரம் 7.32 மீட்டர். குறுக்குக் கம்பத்தின் கீழ்விளிம்பு தரையிலிருந்து 2.44 மீட்டர் உயரத்தில் இருக்கும். கம்பங்களின் தடிப்பு 12 சென்டிமீட்டருக்கு மேற்படக் கூடாது.

வரலாறு

இங்கிலாந்தில் 1863 ஆம் ஆண்டு வகுக்கப்பட்ட விதிகளில் குறுக்குக் கம்பம் இல்லை. கம்பங்களுக்கு நடுவே பந்து எந்த உயரத்தில் சென்றாலும் கோலாகக் கொள்ளப்பட்டது. 1866 இல் 8 அடி உயரத்தில் நாடா கட்டும் விதி வந்தது. 1882 இல் குறுக்குக் கம்பம் கட்டாயமாக்கப்பட்டது.

காவிரிப் படுகையில்

தஞ்சாவூர் வட்டாரத்தில் சம்பா அறுவடைக்குப் பின், உளுந்து விதைக்கப்படாத வயல்களில் சிறுவர்கள் காற்பந்து ஆடுவதுண்டு. இரு மூங்கில் கழிகளோ செங்கற்களோ கோல் கம்பங்கள் ஆகின்றன. குறுக்குக் கம்பம் இல்லாததால், உயரச் சென்ற பந்து கோலா இல்லையா என்ற வாக்குவாதம் எழும். கோல் காப்பாளரின் கைக்கு எட்டும் உயரத்தை எல்லையாகக் கொள்வதுண்டு.

பாதுகாப்பு

இடம் மாற்றத்தக்க உலோகக் கோல்கள் தரையுடன் பிணைக்கப்படாவிடில் கவிழக்கூடும். இவ்வாறு கவிழ்ந்த கோல்களின் கீழ் அகப்பட்டுப் பல நாடுகளில் சிறுவர்கள் உயிரிழந்துள்ளனர். எனவே கோல்கள் தரையில் உறுதியாகப் பொருத்தப்பட வேண்டும் என்று ஆட்ட விதிகள் கூறுகின்றன. குறுக்குக் கம்பத்தைப் பிடித்துத் தொங்குவதும் ஆபத்தானது.