உடையார்குடிக் கல்வெட்டும் கடம்பூர் மாளிகையும்

நம் சங்கத்து அன்பர்களுட் பலர், கல்கி இயற்றிய 'பொன்னியின் செல்வன்' என்னும் நவீனத்தைப் படித்தவராவர். 1950 முதல் 1954 வரை வாரந்தோறும் வெளிவந்த அந்நெடுங்கதையிற் கூறப்பெற்ற ஊர்களை நேரிற் காணக் குடும்பத்தோடு புறப்படுவாரும் இந்நாளில் மிகுந்துள்ளனர். மகிழ்தற்குரியதே. ஆயினும், கதையிற் கண்டதனையே நிலத்திலுந் தேடி, நிலத்தில் உள்ளதனைக் காணாது மீள்வாரும் உளராதலின் இதனை எழுதப் புகுந்தோம்.

கதை தொடங்குமிடம் வீரநாராயண ஏரிக்கரை. முதற் பராந்தகன் (907–955) காலத்தில் அவனது சிறப்புப் பெயரால் அமைந்த அவ்வேரியே இன்றைய வீராணம். கீழணையினின்று வடவாற்றின் வழியே வரும் நீர் இதனை நிரப்புகின்றது. 2004 முதல் சென்னை மாநகர்க்கும் இதன் நீர் செல்கின்றது. கடல்போற் பரந்த நீரைக் காண விழைவோர் கோடையிற் செல்லற்க.

ஏரியை அடுத்தது நாதமுனிகள் தோன்றிய காட்டுமன்னார்கோயில். வருவோர் இவ்வூரை விரைந்து கடந்து, ஆதித்த கரிகாலன் உயிர் நீத்த சம்புவரையர் மாளிகை யாண்டுளது எனக் கடம்பூரில் வினவுகின்றனர். அம்மாளிகை ஆசிரியரின் கற்பனை. அவன் கொலையுண்ட இடம் இன்னதென எக்கல்வெட்டும் கூறவில்லை. மேலக்கடம்பூரில் தேர் வடிவில் விளங்கும் சிவன்கோயில் காணத்தக்கதே. ஆனால் அது முதற் குலோத்துங்கன் காலத்தது, கொலைக்கு ஒரு நூற்றாண்டுக்குமேற் பிற்பட்டது.

மெய்யான சான்று, அவர்கள் கடந்துசென்ற காட்டுமன்னார்கோயிலிலேயே, உடையார்குடி அனந்தீசுவரர் கோயிற் சுவரில் உள்ளது. இராசராசனது இரண்டாம் ஆட்சியாண்டுச் சாசனம் அது. கரிகாலனைக் கொன்று துரோகிகளானவர் என ரவிதாசன், சோமன், பரமேசுவரன் முதலியோரை அது பெயர் சுட்டுகின்றது. கதையில் ரவிதாசன் காட்டில் ஆந்தைபோல் அலறும் மந்திரவாதி. கல்லிலோ 'பிரமாதிராசன்' என்னும் பட்டம் பூண்டவன். அஃது அரசியலில் உயர்நிலை எய்திய அந்தணர்க்கு வழங்கிய பட்டம். கொலைஞர் புறத்திருந்து வந்தவரல்லர், அரண்மனைக்கு அணியரே என்பது இதனாற் புலனாகும். கதையினும் இவ்வுண்மையே எம்மை நடுக்குறுத்துகின்றது.

கொலை நிகழ்ந்தது 969ஐ ஒட்டி. இராசராசன் அரியணை ஏறியது 985இல். இடையே ஆண்டவன் உத்தமசோழன். அவன் தண்டியாது விட்டமையின் அவனுக்கும் இதிற் பங்குண்டு என நீலகண்ட சாஸ்திரியார் ஐயுற்றார், பிறர் மறுத்தனர். எமக்கும் மறுப்பே பொருத்தமாகத் தோன்றுகின்றது. சாசனம் கூறுவது நிலப்பறிமுதலேயன்றிக் குற்றவாளிகள் முன்னரே தண்டம் பெற்றனரா இலரா என்பதன்று. பெரும் பழியொன்றை ஓர் அரசன்மேற் சுமத்த ஒரு கல்லின் மௌனம் போதாது.

கொலைச்செய்தி கோயிற் சுவரில் ஏறியது எற்றுக்கு? துரோகிகளின் உடன்பிறந்தார், மக்கள், பெண் கொடுத்தார், கொண்டார் என உறவினர் அனைவர் உடைமையும் பறிக்குமாறு ஊர்ச்சபைக்கு ஆணை பிறந்தது. அந்நிலத்தில் ஒரு பகுதியை ஒருவன் விலைக்கு வாங்கி, இக்கோயிலில் தண்ணீரும் உணவும் அளிக்கும் அறத்திற்கு எழுதிவைத்தான். ஆகவே இக்கல் கொலையைப் பாடவந்ததன்று. நிலம் வந்த வழியைச் சொல்லும் பத்திரம். கொலையிற் கைந்நனையாத பெண்டிரும் சிறாரும் மனையிழந்த செய்தி அதன் வரிகளிலே கிடக்கின்றது.

செல்வோர் சிறுவரையும் அழைத்துச் செல்க. வெயில் சாய்ந்து படும் வேளையில் எழுத்துக்கள் தெளிவுறத் தோன்றும். சுண்ணமோ எண்ணெயோ பூசி எழுத்தைத் துலக்க முயலுதல் கூடாது.