பெஞ்சமின் பிராங்கிளினின் அன்றாடப் பணிப்பட்டியல்

அன்றாடம் செய்ய வேண்டிய வேலைகளை எழுதி வைத்துக்கொள்வது பழைய வழக்கம். அவ்வழக்கத்தைத் தம் வாழ்வில் நெடுங்காலம் சோதித்துப் பார்த்து, அதில் பெற்ற பயனையும் கண்ட தோல்வியையும் மறைக்காமல் எழுதி வைத்தவர் பெஞ்சமின் பிராங்கிளின் (1706–1790). அச்சகராகத் தொழில் தொடங்கி, அறிவியலாளராகவும் அமெரிக்க அரசியல் தலைவராகவும் உயர்ந்தவர் அவர். பணிப்பட்டியலை முழுமையாகக் கடைப்பிடிக்க அவரால் முடியவில்லை. ஆயினும் அதனால் அவர் பெற்ற பயன் பெரிது.

பின்னணி

பிராங்கிளின் பாஸ்டன் நகரில் சோப்பும் மெழுகுவர்த்தியும் செய்து விற்ற ஒருவரின் மகனாகப் பிறந்தார். பத்து வயதில் பள்ளிப் படிப்பு நின்றது. பன்னிரண்டு வயதில் அண்ணனின் அச்சகத்தில் தொழில் பழகச் சேர்ந்தார். 1723-இல் அங்கிருந்து வெளியேறி பிலடெல்பியா சென்றார். 1726-இல் லண்டனிலிருந்து கப்பலில் திரும்பும்போது, இனி எவ்வாறு வாழ்வது என்பதற்கான திட்டம் ஒன்றை எழுதினார். கடன் தீரும்வரை சிக்கனம், உண்மை பேசுதல், உழைப்பு, பிறரைப் பழிக்காமை ஆகியவை அதில் இருந்தன.

நாளுக்கு ஒரு தாள்

1728-இல் ஹியூ மெரிடித் என்பவருடன் சேர்ந்து பிராங்கிளின் சொந்த அச்சகம் தொடங்கினார். குவேக்கர் சமயப் பிரிவினரின் வரலாற்று நூலில் நாற்பது தாள்களை அச்சிடும் பணி கிடைத்தது. நாளுக்கு ஒரு தாளுக்குரிய எழுத்துகளைக் கோத்து முடிப்பது என்று அவர் வரையறுத்துக்கொண்டார். அச்சிட்ட பின் எழுத்துகளைப் பிரித்து அவற்றுக்குரிய அறைகளில் போட்டு முடிக்கப் பல நாள் இரவு பதினொரு மணி ஆனது. ஒருநாள் இரவு, வேலை முடிந்தது என்று எண்ணிய வேளையில், கோத்து வைத்த இரண்டு பக்கங்கள் சரிந்து எழுத்துகள் கலந்துவிட்டன. அவற்றை மீண்டும் கோத்து முடித்த பிறகே உறங்கச் சென்றார்.

அந்நகரில் அப்போது ஏற்கெனவே இரண்டு அச்சகர்கள் இருந்ததால், மூன்றாவது அச்சகம் நிலைக்காது என்று வணிகர்கள் கருதினர். பேர்ட் என்னும் மருத்துவர் மட்டும் மாறாகப் பேசினார். தாம் இரவில் வீடு திரும்பும்போதும், காலையில் அண்டை வீட்டார் எழுவதற்கு முன்பும் பிராங்கிளின் வேலையில் இருப்பதைக் கண்டதாக அவர் கூறினார். அதைக் கேட்ட வணிகர் ஒருவர் எழுதுபொருள்களைக் கடனுக்குத் தர முன்வந்தார். நாள்தோறும் வகுத்த வேலையை அன்றே முடிக்கும் பழக்கம், கையில் பணமில்லாத இளைஞருக்கு நம்பகத்தன்மையைத் தேடித் தந்தது.

பதின்மூன்று பண்புகளின் குறிப்பேடு

பின்னர் பிராங்கிளின் தம் குணங்களையும் பட்டியலிட்டுத் திருத்த முனைந்தார். அளவோடு உண்ணுதல், வீண்பேச்சு தவிர்த்தல், ஒழுங்கு, உறுதி, சிக்கனம், உழைப்பு முதலிய பன்னிரண்டு பண்புகளை முதலில் எழுதினார். அவருக்குச் செருக்கு உண்டு என்று குவேக்கர் நண்பர் ஒருவர் சுட்டிக்காட்டியபின் பணிவைப் பதின்மூன்றாவதாகச் சேர்த்தார்.

குறிப்பேட்டில் ஒவ்வொரு பக்கத்திலும் ஏழு நாள்களுக்கு ஏழு பத்திகளும், பதின்மூன்று பண்புகளுக்குப் பதின்மூன்று வரிசைகளும் வரைந்தார். தவறியபோதெல்லாம் உரிய கட்டத்தில் கரும்புள்ளி இட்டார். வாரத்துக்கு ஒரு பண்பில் தனிக் கவனம் செலுத்தினார். பதின்மூன்று வாரத்தில் ஒரு சுற்று முடியும். ஆண்டுக்கு நான்கு சுற்றுகள் வரும். பழைய புள்ளிகளைச் சுரண்டிச் சுரண்டித் தாள் ஓட்டையானதால், தந்தத் தகடுகளில் சிவப்பு மையால் கட்டமிட்டு, பென்சிலால் புள்ளி வைத்து, ஈரப் பஞ்சால் துடைத்துக்கொண்டார். தாம் நினைத்ததைவிடத் தம்மிடம் குறைகள் மிகுதி என்பதை அப்புள்ளிகள் அவருக்குக் காட்டின. அவை மெல்லக் குறைவதையும் அவர் கண்டார்.

இருபத்து நான்கு மணி நேரத் திட்டம்

ஒழுங்கு என்னும் பண்புக்காக அவர் ஒரு நாள் முழுவதையும் பகுத்தார். காலை 5 மணிக்கு எழுந்து, அன்று செய்யக்கூடிய நன்மை எது என்று எண்ணி நாளைத் திட்டமிட வேண்டும். 8 மணி முதல் நண்பகல் வரை தொழில். பின்னர் படிப்பு, கணக்குப் பார்த்தல், உணவு. பிற்பகல் 2 முதல் 6 மணி வரை மீண்டும் தொழில். மாலையில் பொருள்களை அவற்றின் இடத்தில் வைத்தல், இரவு உணவு, இசை அல்லது உரையாடல், அன்று செய்ததை எண்ணிப் பார்த்தல். இரவு 10 மணிக்கு உறக்கம்.

ஒழுங்கில் கண்ட தோல்வி

பதின்மூன்றில் அவரை மிகவும் வருத்தியது ஒழுங்கே. கூலிக்கு வேலை செய்யும் தொழிலாளி இத்திட்டத்தைப் பின்பற்றலாம். வாடிக்கையாளர்களை அவர்கள் வரும் நேரத்தில் சந்திக்க வேண்டிய முதலாளியால் அது இயலாது என்று அவர் உணர்ந்தார். மேலும், இளமையில் நினைவாற்றல் மிக நன்றாக இருந்ததால் ஒழுங்கின்மையின் இழப்பு அவருக்குத் தெரியவில்லை. நினைவு தளர்ந்த முதுமையில்தான் அது உறைத்தது. 1784-இல், பாரிசை அடுத்த பாசியில் தங்கித் தன் வரலாற்றின் இரண்டாம் பகுதியை எழுதியபோது இதை அவர் ஒப்புக்கொண்டார்.

பிற்கால ஆய்வு

அமெரிக்காவின் பெய்லர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018-இல் வெளியிட்ட ஆய்வில் 57 இளைஞர்கள் பங்கேற்றனர். உறங்கும் முன் ஐந்து நிமிடம், ஒரு பிரிவினர் வரும் நாள்களில் செய்ய வேண்டியவற்றையும் மற்றவர் செய்து முடித்தவற்றையும் எழுதினர். செய்ய வேண்டியவற்றை எழுதியவர்கள் விரைவில் உறங்கினர். அவர்களுள்ளும் விரிவாக எழுதியவர்களுக்கு உறக்கம் இன்னும் விரைவாக வந்தது. மறந்துவிடுவோமோ என்ற கவலையைத் தாளில் இறக்கி வைப்பதால் மனம் தளர்வடைகிறது என்பது இதற்குக் கூறப்படும் விளக்கம்.

மதிப்பீடு

எண்ணிய நிறைவைத் தாம் எட்டவில்லை என்றும், முயன்றதால் முயலாதிருந்தால் இருந்திருக்கக்கூடியதைவிட நல்லவராகவும் மகிழ்ச்சியானவராகவும் ஆனதாகவும் பிராங்கிளின் எழுதினார். அச்சிட்ட அழகிய கையெழுத்தைப் பார்த்து எழுதிப் பழகுபவர் அதற்கு ஈடாக எழுத முடியாவிட்டாலும், அவர் கையெழுத்து திருந்துகிறது என்பது அவர் காட்டிய உவமை. பட்டியலில் முடியாமல் எஞ்சிய வேலைகளைக் கண்டு அதைக் கைவிடுவோருக்கு அவர் வாழ்க்கை தரும் செய்தி இதுவே.