கையேட்டுக்குத்தான் பதிப்பு எண்

யூனிக்ஸ் வரலாற்றைப் படித்தால் ‘ஆறாம் பதிப்பு’, ‘ஏழாம் பதிப்பு’ என்ற பெயர்கள் அடிக்கடி வரும். மென்பொருளின் பதிப்பு எண்கள் என்றுதான் பலரும் எடுத்துக்கொள்வார்கள். உண்மையில் அவை கையேட்டின் எண்கள். பெல் ஆய்வுக்கூடத்தில் மென்பொருள் நாளுக்கு நாள் மாறிக்கொண்டே இருந்தது. அதை ஓரிடத்தில் நிறுத்தி எண் போட யாருக்கும் நேரமில்லை. அச்சான கையேட்டுக்கு எண் இருந்தது. அதே எண் மென்பொருளுக்கும் ஒட்டிக்கொண்டது. 1979 ஜனவரியில் வந்த ஏழாம் பதிப்பிலும் இதுதான் வழக்கம்.

முதல் பதிப்பின் தேதி 1971 நவம்பர் 3. எழுதியவர்கள் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும். எழுதச் சொல்லி விடாமல் நின்றவர் அவர்களுடைய துறைத் தலைவர் டக் மெக்கில்ராய். ஒவ்வொரு கட்டளைக்கும் ஒரு பக்கம்: பெயர், பயன்படுத்தும் விதம், விளக்கம், தொடர்புடைய கோப்புகள். பக்கத்தின் மேலே தேதி இருந்தது. கீழே அந்தக் கட்டளைக்குப் பொறுப்பானவரின் சுருக்கப் பெயர் இருந்தது. எனக்கு மிகவும் பிடித்தது இன்னொரு தலைப்பு: ‘பிழைகள்’. இந்தக் கட்டளை இந்த இடத்தில் சரியாக வேலை செய்யாது என்று, செய்தவரே எழுதி வைக்கும் இடம் அது. தன் குறையைத் தானே அச்சில் ஏற்ற வேண்டும் என்றால் யாருக்கும் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கும். விளக்கி எழுதுவதைவிடத் திருத்திவிடுவது சுலபம் என்று தோன்றி, நிரலையே மாற்றியதும் உண்டு. கையேடு மென்பொருளைத் திருத்தியது என்று சொன்னால் மிகையில்லை.

ஆனால் யூனிக்ஸ் கட்டற்ற மென்பொருள் அல்ல. நிரலும் கையேடும் ஏடி அண்ட் டி நிறுவனத்தின் சொத்து. 1991-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸை வெளியிட்டபோது யூனிக்ஸின் வடிவத்தைப் பின்பற்ற முடிந்தது. அதன் பக்கங்களை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. நிரலைப் புதிதாக எழுதியது போலவே கையேட்டையும் எழுதியாக வேண்டும். நிரல் எழுத ஆயிரம் பேர் வந்தார்கள். கையேட்டுக்கு?

லினக்ஸ் மேன் பக்கங்களின் பராமரிப்பாளர் பட்டியல் ரொம்பச் சின்னது. 1993 முதல் 1995 வரை ரிக் ஃபெய்த். பிறகு 2004 வரை ஆண்ட்ரிஸ் பிரவுவர். அதன்பின் 2021 வரை மைக்கேல் கெர்ரிஸ்க். 2020-இல் அவரோடு சேர்ந்துகொண்ட அலெஹான்ட்ரோ கொலோமார்தான் அடுத்து வந்தவர். முப்பது ஆண்டுகளில் நான்கு பெயர்கள். திருத்தம் அனுப்பியவர்கள் நிறைய பேர்தான். ஆனால் எல்லாவற்றையும் படித்து, சோதித்து, ஒரே நடையில் சேர்த்து வைப்பது பெரும்பாலும் ஒற்றை ஆளின் வேலை.

‘சோதித்து’ என்ற சொல்லுக்கு ஓர் உதாரணம். 2007-இல் வந்த 2.6.22 கெர்னலில் டைமர்எஃப்டி என்ற புதிய சிஸ்டம் கால் சேர்ந்தது. அதற்குப் பக்கம் எழுத உட்கார்ந்த கெர்ரிஸ்க், ஓடிக்கொண்டிருக்கும் டைமரில் இன்னும் எவ்வளவு நேரம் மீதம் என்று கேட்க அதில் வழியே இல்லை என்பதைக் கவனித்தார். பழைய டைமர்களில் அந்த வசதி இருந்தது. அடுத்த பதிப்பில் அந்த வசதியை முடக்கிவைத்தார்கள். 2.6.25-இல் அது மூன்று தனித்தனி அழைப்புகளாகப் புது வடிவத்தில் வந்தது. நிரலைப் பலர் பார்த்திருப்பார்கள். ஆனால் ‘இதை ஒருவருக்கு எப்படிச் சொல்லிப் புரியவைப்பது?’ என்று கேட்டுப் பார்த்தபோதுதான் ஓட்டை தெரிந்தது. மெக்கில்ராய் காலத்துக் கதை 36 வருடம் கழித்து அப்படியே திரும்பி நடந்திருக்கிறது.

ஆவணத்தைப் புதுப்பிப்பது என்றால் பழையதை அழித்துப் புதியதை எழுதுவது என்று தோன்றலாம். மேன் பக்கம் அப்படி இல்லை. எந்தக் கெர்னலிலிருந்து இந்த வசதி உண்டு, எதற்கு முன் வேறு மாதிரி நடந்தது என்பதெல்லாம் அதிலேயே இருக்கும். பத்து வருடப் பழைய கணினியை வைத்திருப்பவரும் அதே பக்கத்தைத்தான் படிக்கிறார் இல்லையா? தொல்காப்பியத்தில் மூலம் நிற்கிறது. இளம்பூரணர், சேனாவரையர், நச்சினார்க்கினியர் என்று உரைகள் அடுக்கடுக்காக வருகின்றன. இங்கே நிலைமை தலைகீழ். மூலம் ஓடிக்கொண்டே இருக்கிறது. உரைகாரர் மூச்சு வாங்கப் பின்னால் ஓடுகிறார்.

அந்த மூச்சு 2024 செப்டம்பரில் நின்றது. சம்பளமில்லாமல் இதற்கு மேல் தொடர முடியாது என்று கொலோமார் வேலையை நிறுத்திவைத்தார். நான் வேலை பார்த்த எல்லா இடங்களிலும் சர்வர்கள் லினக்ஸில்தான் ஓடின. அந்தப் பக்கங்களைத் திறக்காமல் ஒரு வாரம் போகாது. அதை எழுதுகிறவர் யார், அவர் எப்படிச் சாப்பிடுகிறார் என்று அலுவலகத்தில் ஒருவர்கூடக் கேட்டு நான் பார்த்ததில்லை. குழாயில் தண்ணீர் வருவது மாதிரி அது வந்துகொண்டே இருக்கும் என்று நினைக்கிறோம். அந்த ஆண்டு முடிவதற்குள் சில பெரிய நிறுவனங்கள் சேர்ந்து பணம் தர முன்வந்தன. வேலை மறுபடி தொடங்கியது. நல்ல செய்திதான். ஆனால் அவர் நிறுத்திய பிறகுதான் பணம் வந்தது என்பதையும் சேர்த்தே வரலாற்றில் எழுத வேண்டும்.

‘கட்டற்ற’ என்ற சொல்லை நாம் நிரலோடு மட்டும் பொருத்திப் பேசுகிறோம். நிரலை யாரும் திறந்து பார்க்கலாம், மாற்றலாம், சரி. விளக்கம் பழசாகிவிட்ட நிரல், எழுதியவருக்கும் அவரோடு பழகிய நாலு பேருக்கும் மட்டுமே திறந்திருக்கிறது. மற்றவர்களுக்கு அது உரிமம் ஒட்டிய ஒரு பூட்டிய வீடு. அதனால் ஒரு மென்பொருள் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க நான் நிரல் மாற்றங்களை முதலில் தேடுவதில்லை. கையேட்டைத் திறந்து அதில் உள்ள கடைசித் தேதியைப் பார்க்கிறேன்.